காலையில் எல்லாம் மறந்துபோகும் கம்ப்யூட்டர்

17 நவம்பர் 2025, திங்கள்

ஆன்லைன் டியூஷன் கம்பெனியிலிருந்து வைஷாலி என்ற பெண் பேசினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டெமோ வகுப்பு. ஆறாம் வகுப்புக் கணக்கு, பின்னங்கள். பிடித்துப்போனால் அடுத்த திங்களிலிருந்தே வேலை. நான் சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததைப் போட்டாள்: எங்கள் வீட்டுப் பழைய விண்டோஸில் அவர்கள் வகுப்பறை திறக்காதாம். செல்போனில் எடுக்கவும் கூடாதாம்.

கம்ப்யூட்டரோ மகள் அலினா காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. புது விண்டோஸ் அதில் ஏறாது. பெங்களூரிலிருந்து அலினா சொன்னாள், "மம்மி, லினக்ஸ் போடலாம். ஃப்ரீ. ஓல்டு மெஷின்லயும் ஓடும்."

ஓடியே ஆகவேண்டும். பள்ளியில் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து மகன் கிரேக், வீட்டைக் காலி பண்ணிட்டு சாங்வில எங்க வீட்டுக்கே வந்துடுங்க என்று நச்சரிக்கிறான். பேரன் நீல் எனக்கு உயிர்தான். அதற்காக, மகனும் மருமகளும் ஆபீஸ் போனபின் நான் அங்கே ஆயாவா? இந்த வேலை கிடைத்தால் 'வரமாட்டேன்' என்று சொல்ல வாய் வரும். அவனிடம் லேப்டாப் கேட்கவும் வழியில்லை. கேட்டால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு நிற்பான்.

18 நவம்பர், செவ்வாய்

கட்கி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மாதவ், பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றித் தந்தான். எந்த மெஷினுக்கு என்று கேட்டுவிட்டு, அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள் ஆன்ட்டி, பங்கார்வாலா கிலோவுக்கு எடுப்பான் என்றான். முதலில் உன்னை நிறுத்துப் போடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டால், டிஸ்க்கே இல்லை என்கிறது. அலினா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆன் செய்ததும் எஃப்2 தட்ட வேண்டும். ஒரு நீலத்திரை வரும். அதில் டிஸ்க் என்று இருக்கும் வரியில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு சேமிக்க வேண்டும். மாற்றினேன். டிஸ்க் தெரிந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது. போட்டோவெல்லாம் அலினாவிடம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆமாம் தட்டினேன். சாயங்காலம் அழகாக வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஆர்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எதுக்கு இப்படி லோல்படுத மேவிஸ்" என்று டிவி பக்கம் போய்விட்டார்.

பாராட்டத் தெரியாத மனிதர்.

19 நவம்பர், புதன்

காலையில் கறுப்புத் திரை. பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. பழைய விண்டோஸும் போச்சு, புதுசும் போச்சு.

அலினா மீட்டிங்கில். நானே எஃப்2 தட்டிப் பார்த்தேன். நேற்று மாற்றிய வரி பழையபடி நிற்கிறது. சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன் போல. நேற்றுப் போட்டது எல்லாமே கோணலாக ஏறியிருக்கும் என்று முதலிலிருந்து மறுபடி போட்டேன். இன்று சேமித்தேன். நன்றாகத் தெரியும், சேமித்தேன்.

20 நவம்பர், வியாழன்

மறுபடியும். அதே கறுப்பு. அதே வரி பழையபடி.

இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் மாற்றவில்லை என்றால்?

கேட்டேவிட்டேன். "நீங்க அதுல ஏதும் நோண்டுனீங்களா?"

"நான் அதத் தொடவே இல்ல."

"தொடாம எப்படி மாறும்? நான் வேலைக்குப் போறது பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. மகன் வீட்டுச் சோபால உக்காந்து டிவி பாக்கணும், அதான ஆசை?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "கர்த்தருக்குத் தெரியும்" என்றார். அதோடு சரி. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் பேசவில்லை. பேசாமலே போகட்டும். மூன்றாம் முறையாகப் போட்டு முடித்தேன்.

21 நவம்பர், வெள்ளி

இன்றும் செத்துக் கிடந்தது. நாலாவது தடவை போட்டாயிற்று. ஆண்டவரே, நாளைக்கு மட்டும்.

22 நவம்பர், சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பதேகாலுக்கு ஆன் செய்தேன். கறுப்பு. இனி புதிதாகப் போட நேரமில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இரண்டு நாளாகப் பேசாத மனிதர் வந்து பார்த்தார். "நான் போயி கிரேக்கோட லேப்டாப்ப வாங்கிட்டு வாரேன்" என்று ஷூவை எடுத்தார். பஸ்ஸில் சாங்வி போய் எப்போது திரும்ப? மகனிடம் ஒரு பேனா கூடக் கேட்காதவர்.

அதற்குள் அலினா போனில் கிடைத்தாள்.

"மம்மி, திரும்பப் போடாதீங்க. அந்த ப்ளூ ஸ்க்ரீன்ல டேட் என்ன காட்டுது?"

"2010 ஜனவரி ஒண்ணு."

"உள்ள இருக்கற பேட்டரி டெட். ப்ளக்ல கரன்ட் இருந்தா ஞாபகம் வச்சுக்கும். இல்லன்னா எல்லாம் மறந்துடும். விண்டோஸுக்கு அந்தப் பழைய செட்டிங்கே போதும், லினக்ஸுக்குத்தான் மாத்தணும். நைட் யாராவது ப்ளக் எடுக்கறாங்களா?"

"யாரும் எடுக்கலையே" என்றேன். சொல்லும்போதே என் கண் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் மேல் போனது.

தினமும் படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வருவார். டிவி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கம்ப்யூட்டர். ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிட்டுத்தான் படுப்பார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பழகியது. வேலை முடிந்தால் கரன்ட் உள்ள ஒயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரிட்டயர் ஆகியும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அதனாலேயே என் கண்ணில் படவில்லை.

"நான் பிளக்கத்தான எடுத்தேன்" என்றார். "அதத் தொடலையே."

அந்த ஒரு வரியை மாற்றினேன். வந்துவிட்டது. எல்லா நாளும் லினக்ஸ் உள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் அழித்து அழித்துப் போட்டிருக்கிறேன்.

பத்து மணிக்கு வகுப்பு எடுத்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும்போது குரல் தெளிந்துவிட்டது.

23 நவம்பர், ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தபோது செய்தி வந்திருந்தது. நாளை காலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு.

கிரேக்குக்கு நானே போன் செய்து வரமாட்டோம் என்றேன். அப்புறம், "நீலைப் பாக்கவாவது வாங்க மம்மி" என்றான். வராமல் எங்கே போவேன்?

ஆர்தரிடம், "அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க, தப்புதான்" என்றேன். "எடுத்தது நான்தான" என்றார். மாதவ் கடை இன்று லீவு, பேட்டரி வாங்க முடியாது. இன்று ராத்திரி கம்ப்யூட்டர் பிளக்கை எடுக்க மாட்டேன் என்று அவராகவே சொன்னார்.

24 நவம்பர், திங்கள்

சொன்னபடி எடுக்கவில்லை. தூங்கவும் இல்லை. எழுந்து போய் பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார், வந்து படுப்பார், மறுபடி எழுவார்.

நான் எழுந்து போய், அவர் பார்க்க, பிளக்கை உருவிப் போட்டேன். "படுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்துவிட்டது.

காலையில் சீக்கிரம் எழுந்து, எஃப்2 தட்டி, அந்த வரியை மாற்றிவிட்டு வகுப்பில் உட்கார்ந்தேன். ஒரு நிமிட வேலை. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.