எனக்கு மட்டும் தெரியாத நாற்றம்

கௌதம் அப்பாவுக்கு,

சுனாமிக்கு அடுத்த கோடையில், புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி உங்கள் பாயை வாசலுக்கு எடுத்துப்போனீர்கள். மழைக்காலத்திலும் உள்ளே வரவில்லை. நான் பேச வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்துச் சண்டை போட்டேன். அப்போதும் நீங்கள் வாய் திறக்கவில்லை. அழுதுகொண்டே கௌதமைக் கூட்டிக்கொண்டு வானூரில் என் தங்கை வீட்டுக்கு வந்தேன்.

வந்த அன்றே என் தங்கை, "அக்கா, உன் வாய் நாறுது. வா, டாக்டர்கிட்ட போலாம்" என்றாள்.

கடைவாய்ப் பல் இரண்டும் சொத்தை, அடியில் சீழ். பிடுங்கிய டாக்டரம்மா கேட்டார்: "இவ்ளோ நாளா உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

"அவரு வெளியூர்ல இருக்காருங்க" என்று பொய் சொன்னேன். உங்கள் மானத்துக்காகத்தான்.

நேற்று என்னைக் கூப்பிட வந்த உங்கள் தம்பி உளறிவிட்டார். "உப்பளத்துல அண்ணன் எங்ககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், அண்ணி. அதான் இப்ப சரியாயிடுச்சில்ல, வாங்க."

மரக்காணம் உப்பளத்தில் எல்லோருக்கும் சொன்னீர்கள். கூடவே படுத்த எனக்குச் சொல்லவில்லை.

நான் வரவில்லை. கௌதமை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். அவனைப் பார்க்க வந்தால், என் தங்கையிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்