டேப்புக்கு அடியில் கசிந்த நீலம்

என் அன்பானவளுக்கு,

மகள் வீட்டில் நன்றாகத் தூங்குகிறாய் என்று கேட்டு நிம்மதி. சொன்ன பேச்சுக் கேட்காத அந்த வலது கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

கோபத்துக்கு வேறு காரணம் தருகிறேன். இன்று உங்கள் ஓவியர் குழுவின் மீசைக்காரர் வந்தார். குழுவின் கண்காட்சிக்கு நீ சொன்ன பழைய படங்களை எடுத்து வைத்திருந்தேன். எல்லாம் வண்ணம் கோடு தாண்டாமலிருக்க ஓரத்தில் டேப் ஒட்டித் தீட்டிய சதுரங்கள், கத்தியால் வெட்டியது போன்ற விளிம்புகள். "கோணல் கோடு போடுறவன் நம்ம ஆளே இல்ல" என்று அன்று சட்டம் போட்டவரே அவர்தானே! இன்று அவற்றைப் பார்த்து மனிதர் கொட்டாவி விட்டார்.

பிறகு, 'கை இப்படி ஆனபின் செய்த குப்பை' என்று நீ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாயே, அந்தப் புதுப் படத்தைத் தானே திருப்பினார். டேப் கோணிப்போய், அதனடியில் நீலம் கசிந்த படம். அதன்முன் நெடுநேரம் நின்றார்.

"யோவ், நாங்க போட்ட சதுரமெல்லாம் அப்படியே உக்காந்திருக்கு. இது எழுந்து நடக்குதுய்யா! கண்காட்சிக்கு இதைக் குடுக்கிறியா?"

'அவளைக் கேட்டுச் சொல்கிறேன்' என்பதுதானே எப்போதும் என் பதில்? அதுவே வாய்வரை வந்தது. ஆனால், "எடுத்துட்டுப் போங்க" என்றேன். பேசியது நான்தானா என்று இன்னும் சந்தேகம். படத்தைப் பற்றி மட்டும் துளியும் சந்தேகமில்லை.

வந்து திட்டு. புது டேப் வாங்கி உன் மேஜைமேல் வைத்திருக்கிறேன். நேராக ஒட்டித் தரட்டுமா என்று இனி கேட்கமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்