காந்தம் வைத்த விரல்

அன்பு மகன் பெரியவனுக்கு அப்பா எழுதுவது. அம்மா நலம், நான் நலம், சின்னவனும் ஒரு விரல் நீங்கலாக நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குப் பேனாவைப் பிடிக்கிறார் என்று யோசிக்காதே, போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுகிறாய், கடிதத்தில்தான் உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பெரிதாக்கிப் படித்துக்கொள், பத்தாவதோடு நின்றவன் கையெழுத்து இவ்வளவுதான்.

நம் குடும்பக் குரூப்பில் நீயும் சின்னவனும் ஆறு மாதமாக நடத்துகிற கூத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்ல ஆரம்பித்த குரூப் அது, இப்போது திறந்தால் குழந்தையைக் காணோம், பீரங்கிதான் இருக்கிறது. நீ பார்க்கிற விண்வெளித் தொடரின் பெயரும் அவன் பார்க்கிற தொடரின் பெயரும் என் வாயில் நுழையாததால் உன்னுடையதைத் தகடு கோஷ்டி என்றும் அவனுடையதைக் கப்பல் கோஷ்டி என்றும் வைத்துக்கொள்கிறேன். உன் கோஷ்டியில் மனிதனைப் பிடித்து எலும்பை உருவி இரும்பு வைக்கிறார்கள், மூளைக்குள் சில்லு சொருகுகிறார்கள். அவன் கோஷ்டியில் மனிதன் மனிதனாகவே தொப்பையோடு இருக்கிறான், எல்லா வேலையையும் கப்பல் பார்க்கிறது, பசித்தால் சுவரைப் பார்த்துக் கேட்டால் தட்டு வருகிறது. உன் ஆள் அவன் கப்பலில் ஏறினால் யார் ஜெயிப்பார்கள், அந்தக் கவசம் இந்தக் கத்தியைத் தாங்குமா, இதுதானே வழக்கு. நியாயம் சொல்ல என்னைப் பிடித்துப் போட்டீர்கள், நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு இரண்டிலும் நான்கு நான்கு பாகம் பார்த்தேன். கப்பல் கோஷ்டியில் இரண்டு பாகம் தூங்கிவிட்டேன் என்பது உண்மைதான். உன்னுடையதில் தூங்க முடியவில்லை, ஒருவன் தன் கண்ணைத் தானே தோண்டி எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண்ணை அழுத்தி மாட்டுகிறான், சளக்கென்று சத்தம் வேறு, கையில் இருந்த சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்தேன். சீ, இதையெல்லாம் காசு கொடுத்துப் பார்க்கிறீர்களே. இத்தனைக்கும் இரண்டு பிரபஞ்சத்திலும் ஒரு சலவைக்காரனைக் காணோம். அத்தனை ரத்தமும் எண்ணெயும் தெறிக்கிறது, அடுத்த காட்சியில் சட்டை பளபளவென்று வருகிறது, யாரப்பா வெளுத்தது?

சிரித்துவிட்டாய் அல்லவா, இனிமேல் வருவதற்குச் சிரிக்காதே. போன மாதம் நீ குரூப்பில் எழுதினாய், உங்க ஆளுங்க எல்லாம் உன்ன மாதிரியே உக்காந்த இடத்துல பட்டன் அமுக்குற சோம்பேறிங்க, ஊசியப் பாத்தாலே மயங்கி விழுற பய நீ, உடம்ப மேம்படுத்துறதப் பத்தி உனக்கென்னடா பேச்சு என்று. கூடவே பல்லைக் காட்டுகிற மூஞ்சிகள் ஒரு வரிசை. சித்தி பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு சின்னவன் குரூப்பில் வாயைத் திறக்கவில்லை, சனியன் விட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவன் போனது பச்சை குத்துகிற கடைக்கு. அங்கே ஒருவன் விரல் நுனியைக் கீறி அரிசி அளவு காந்தத்தை உள்ளே வைத்துத் தைத்து அனுப்புகிறானாம், அவன் டாக்டரும் இல்லை ஒன்றும் இல்லை. மரத்துப்போக ஊசி வேண்டுமா என்று அவன் கேட்க, நம் வீரர் ஊசிக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கத்திக்கு விரலை நீட்டியிருக்கிறார். இவன் என் வயிற்றில் வந்து பிறந்தானே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தான் வேலை பார்க்கிற போன் ரிப்பேர் கடையில் இரண்டு நாள் இவன்தான் ராஜா, குட்டித் திருகாணி எல்லாம் பறந்து வந்து விரலில் ஒட்டுகிறது, முதலாளி காந்தராசு என்று பெயர் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். உனக்கு அனுப்ப வீடியோகூட எடுத்து வைத்தான். அதை அனுப்புவதற்குள் விரல் வீங்கிவிட்டது. வீட்டுக்குள்ளும் கையுறை போட்டுக்கொண்டு திரிந்தான், குளிருது என்று சொன்னான். வேர்வை வழிய வழிய என்னடா குளிர் என்று அம்மா இழுத்து உருவினாள், உருவினதும் வந்த நாற்றம் சமையலறை வரைக்கும் போனது.

என் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனேன். நான் எத்தனை வருஷமாக அங்கே சலவைப் பிரிவில் இருக்கிறேன், எதெது ஒட்டின துணியெல்லாம் மூட்டையாக வரும் என்று உனக்குத் தெரியும், அதைப் பிரித்து மெஷினில் போட்டுவிட்டு அதே கையோடு டீ குடித்தவன் நான். அன்றைக்கு நர்ஸம்மா அவன் விரலை அமுக்கினதும் பச்சையும் மஞ்சளுமாக ஒன்று வெளியே வந்தது பார், ஓடிப்போய்த் தரை துடைக்கிற வாளியில் வாந்தி எடுத்தேன். என்ன மேஸ்திரி, நீங்களா இப்படி, என்று அந்தம்மா சிரித்தார். அடுத்தவன் பிள்ளையின் துணி வேறு, நம் பிள்ளையின் சதை வேறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

காந்தத்தின் மேல்பூச்சு உள்ளேயே உடைந்திருக்கிறதாம், சீழ் எலும்புக்குப் பக்கத்தில் போய்விட்டதாம், உடனே எடுத்தால் விரல் தப்பும், தள்ளிப்போட்டால் முதல் கணுவோடு வெட்ட வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இவன் மாட்டேன் என்கிறான். மாத்திரை போதுமாம். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருக்கிறது, சட்டைக் கையை இழுத்து மறைக்கிறான். அம்மா அழுது கேட்டதற்குச் சொன்னான், எடுத்துட்டா அண்ணன் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்மா, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான் என்று. எனக்கு அந்தச் சீழைவிட இதுதான் குமட்டுகிறது. மனிதனை மாற்றவே வேண்டாம் என்பதுதானே இவன் கட்சி, அந்தக் கட்சி ஜெயிக்க உன் கட்சிக்காரன் மாதிரி உடம்பைக் கீறிக்கொண்டிருக்கிறான். எங்கேயோ இல்லாத கப்பலுக்கும் இல்லாத தகட்டுக்கும் நடக்கிற சண்டையில் என் வீட்டில் இருக்கிற விரல் ஒன்று அழுகிக்கொண்டிருக்கிறது. உங்கள் இரண்டு பிரபஞ்சத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொதிநீரில் போட வேண்டும் போல இருக்கிறது.

நீ அவனைக் கத்தியை எடு என்று சொல்லவில்லை, எனக்குத் தெரியும். தப்பு யாருடையது என்று பிரிக்க இப்போது நேரம் இல்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் எனக்காக இடம் வைத்திருக்கிறார், அதற்குள் இவன் சம்மதிக்க வேண்டும், நானும் அம்மாவும் சொல்லி ஓய்ந்துவிட்டோம். நீ இன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, ஊசியில்லாம கத்திக்கு விரல நீட்டுனியாமே, என்னால முடியாதுடா, நான் தோத்துட்டேன், நீ போய் அதை எடுத்துட்டு வா என்று சொல்லிவிடு. வாதத்தில் நீ கெட்டிக்காரன், தோற்றதில்லை, அதனால்தான் உன் தோல்விக்கு அவனிடம் அவ்வளவு மதிப்பு. பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள், அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும். அப்பவே சொன்னேனே என்று மட்டும் ஆரம்பிக்காதே, பல்லைக் காட்டுகிற மூஞ்சியும் வேண்டாம்.

போன வாரம் அனுப்பின படத்தில் நீ போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்குக் காலர் மஞ்சளாகிவிட்டது, சோப்பைத் தடவி அரைமணி ஊறவிட்டுக் கசக்கு, அப்படியே மெஷினில் திணிக்காதே. இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள், ராத்திரி தலையை ஈரமாக வைத்துக்கொண்டு படுக்காதே என்றும் சொல்லச் சொன்னாள். நீயும் உன் தம்பியும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் அதுதான். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், அம்மா நம்பருக்குக் கூப்பிடாதே, அவன் நம்பருக்கே கூப்பிடு. நாலைந்து தடவை மணி அடித்தாலும் வைத்துவிடாதே, இப்போதெல்லாம் இடது கையால் தடவித்தான் போனை எடுக்கிறான், கொஞ்சம் நேரமாகிறது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக விழித்திருக்கும்
அப்பா