மிக்சருக்கு அம்மை போட்டிருக்கிறது

ஏப்ரல் 20, 2025

அத்தை வடாகம் காயவைத்த துணியின் மேல் எங்கள் பூனை மிக்சர் கால் நீட்டிப் படுத்துவிட்டது. துடைப்பத்தோடு விரட்டப் போன அத்தையைப் பார்த்துச் சீறியும் வைத்தது. மூன்று நிறத்தில் இருப்பதால் மிக்சர் என்று நான் பெயர் வைத்தேன். அத்தை, அதாவது என் மாமியார் தனகோட்டி அம்மாள், வைத்த பெயர் சனியன்.

"நாளைக்கு பிறாண்டி வச்சா யாரு பதிலு? சாக்குல போட்டு அனந்தபுரத்துல வுட்டுட்டு வாடா" என்று மகனுக்கு உத்தரவு. என் வீட்டுக்காரர் பெரியதம்பி, அம்மா சொல்லைத் தட்டவே மாட்டார் — பூனை விஷயத்தில் மட்டும். தடுப்பூசி போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சி நிறுத்தினேன். ஆனால் ஒரு கீறல் விழுந்தாலும் சாக்குதானாம்.

ஏப்ரல் 21

மாட்டாஸ்பத்திரியில் மிக்சருக்கு ஊசி போட்டாயிற்று. ஓரிரு நாள் காய்ச்சல் இருக்கலாம், போட்ட இடம் கட்டிக்கொள்ளலாம், பயப்படாதீர்கள் என்றார் டாக்டரம்மா. நான் ஏன் பயப்படப் போகிறேன்?

ஏப்ரல் 22

பயமாக இருக்கிறது. மிக்சரின் காது நெருப்பாகச் சுடுகிறது. பால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எழுந்து வந்து என்னைத் திட்டினால்கூடத் தேவலை.

ஏப்ரல் 23

அத்தை பார்க்க வந்தார். கழுத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்தவர் சட்டென்று கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முத்தாம். அம்மையாம். ஊசி போட்ட வீக்கம் என்று சொன்னேன்.

"ஊசிக்கு காய்ச்ச வரும். முத்து வருமா? ஆத்தா வந்துருக்கா, வாய மூடு."

சாயங்காலம் வாசலில் வேப்பிலை தொங்கியது. வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. மிக்சருக்குக் கூழும் இளநீரும். நேற்று வரை சனியன். இன்று "கொஞ்சம் குடிம்மா, தாயே" என்கிறார். மிக்சர் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது.

ஏப்ரல் 24

இன்னும் எதுவும் சாப்பிடவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. செத்துப்போயிடுமா? நான்தானே ஊசி ஊசின்னு தூக்கினு ஓடினேன்.

அம்மை கண்டவர்களை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒயர் கூடையில் வைத்து, மேலே முருங்கைக் கீரை போட்டு மூடிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊர்க் கோட்டைக்கு வழி கேட்ட சுற்றுலாக்காரருக்குக் கூடைக்குள்ளிருந்து மிக்சர் பதில் சொன்னது. அவர் கீரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காய்ச்சல் இறங்கிவிட்டது, வீக்கம் தானாக வற்றும் என்றார் டாக்டரம்மா. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கூழ் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுக்கு உடம்பு சரியாத்தான் இருக்கு. மீன் குடுங்க."

ஏப்ரல் 25

மீன் கொடுக்க வேண்டுமென்றால் அம்மை இல்லை என்று சொல்ல வேண்டும். அம்மை இல்லை என்றால் 'தாயே' மறுபடியும் 'சனியன்' ஆகிவிடும். எந்தப் பக்கம் போவது?

மிக்சரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஷமீமாவிடம் போனேன். அவள் மாடியில், குழம்பில் கிடந்த மீனைக் காரம் போகக் கழுவி வைத்தாள். மீன் தீரும்வரை மிக்சர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷமீமா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 27

அமாவாசை. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் ஆத்தா கோயிலுக்குப் போகிறவர் அத்தை. இன்று போகவில்லை. வீட்டிலேயே ஆத்தா இருக்கும்போது விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். மிக்சர் தேறியது வேப்பிலையால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் மட்டும் மிக்சரை முறைத்தபடி மோர்சோறு சாப்பிட்டார்.

மே 1

அம்மை இறங்கியதற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். வேண்டாம் அத்தை, பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்றேன். கேட்கவில்லை. ஒரே ஒரு சொம்புதான் — அத்தையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாய் ஒரு கோடு.

இவர் போய்ச் சாக்கை எடுத்து வந்தார். அத்தை கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"தலைக்கி தண்ணி ஊத்தன புள்ளய எங்கடா கொண்டும் போயி வுடுவ?"

இவர் சாக்கைக் கீழே போட்டார். பிறகு அத்தையை வண்டியில் ஏற்றி ஊசி போட அழைத்துப் போனார்.

மே 2

ஊசி போட்ட இடம் அத்தைக்கு வீங்கியிருக்கிறது. லேசாகக் காய்ச்சல். வேப்பிலை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கின்னா அம்மையா? ஊசி போட்டா அப்டித்தான் வீங்கும்" என்றார். சொல்லிவிட்டு, மிக்சருக்கு மீன் வைத்தாயா என்று கேட்டார்.