பெரிய பொத்தான் வாக்கி டாக்கி

ரெவல்ஸ்டோக்,
வியாழக்கிழமை

அன்புள்ள லோர்னா,

உன் முழங்கால் வலி தேவலையா? மகள் டெசாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

பனிவண்டியில் மலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு வாக்கி டாக்கி வாங்க வேண்டும் என்றார்கள். "தோள்ல மாட்டுற சின்ன மைக் இருக்கிறதா பாத்து எடுப்பா," என்றான் மூத்த வழிகாட்டி கோர்டன். தடித்த கையுறையோடு அழுத்த வசதி என்று நான் பெரிய பொத்தான் வைத்ததை எடுத்தேன். அவனுக்கே வகுப்பும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நாலு பேர் போனோம். நான் பின்தங்கி, வண்டியோடு இடுப்பளவு பனியில் புதைந்துவிட்டேன். வாக்கி டாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை. பயத்தை மறக்க, நீ பக்கத்தில் இருப்பதுபோல் உன்னோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பாடவும் செய்தேன்.

இருபது நிமிடத்தில் மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். முதுகுப்பையின் வார் அந்தப் பெரிய பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அது அழுந்தியிருக்கும்வரை நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது.

"லோர்னாவோட முட்டைக்கோஸ் உருண்டைய நெனச்சு அழுதியே, எங்களுக்கே பசி எடுத்துருச்சுய்யா!" என்றான் கோர்டன். "பாட்டக் கேட்டதும்தான், திரும்பிப் போயிரலாமான்னு யோசிச்சோம்."

சின்ன மைக்குக்கு மாறிவிட்டேன். அதை அழுத்த மெல்லிய உள்கையுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பு. முடிந்தால் உருண்டையும், நாலு பேருக்கு.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கிறேன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

உன்,
வெண்டல்