பிறவாத நீலாளின் அளவுநூல்

மூன்று புறமும் கடல் காவல் நிற்க, உப்பே செல்வமாய் விளையும் வெண்டிரை நாட்டின் வேந்தர், ஆழியங்கோ அடிகளின் ஆணைப்படி, பெரும்பண்டார அமைச்சன் வெண்காடன் கழிமுகப் பட்டினத்துப் பண்டாரநாயகர் சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது கழிகள் வற்றாதிருக்கட்டும். உமது கலங்கள் கரை சேரட்டும். உமது இல்லத்தில் மக்கள் இல்லை என்பதை அறிவோம். ஆகவே வழக்கமான மக்கள் வாழ்த்தை விடுத்து, உமக்கும் உம் மனைவியார்க்கும் நலம் கூறினோம்.

புதுக்குடித்தனக்காரர் மாதம் ஒரு காசு பண்டாரத்தில் சேமித்தால் ஆண்டுக்குப் பத்துக்கு ஒன்று வட்டி. பிள்ளையின் பெயரில் சேமித்தால் பத்துக்கு இரண்டு. பிள்ளை இருப்பதற்குச் சான்றாக ஆண்டுதோறும் அதன் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டித் தர வேண்டும். நூலை வாங்கி நூல் அறையில் வைத்தோம். பிள்ளையைப் பார்க்க ஒருநாளும் கேட்டோமில்லை. இந்தச் சோம்பலில் விளைந்ததைக் கேளும்.

உமது பட்டினத்து உப்பளக் கூலி தாழன்; அவன் மனைவி சிறுநங்கை. மணமான மாதமே அவள் கணக்குப் போட்டுவிட்டாள். சொந்தமாக ஓர் உப்புப் பாத்தியின் விலை நூற்று ஐம்பது காசு. தங்கள் பெயரில் சேமித்தால் ஏழாண்டில் நூற்றுப் பதினான்குதான் தேறும். பிள்ளை பெயரில் என்றால் நூற்று ஐம்பத்தைந்து. பிள்ளை இல்லை. அதனால் என்ன, நீலாள் என்று ஒரு பெயர் வைத்தாள்.

ஆண்டுதோறும் கதவுநிலையில் நான்கு விரல் கூட்டி நகத்தால் கோடு கிழித்து, அதன் அளவுக்கு நூலை வெட்டினாள். ஓராண்டு நூல் நடுவில் அறுந்தது; முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஐந்தாம் ஆண்டு உப்பளத்தில் வேலை மிகுதி. நான்கு விரல் கூட்ட மறந்து பழைய கோட்டிலேயே வெட்டிவிட்டாள். யாரும் கேட்கவில்லை. அந்த ஏழாண்டும் அவள் புதுச்சேலை கட்டவில்லை, மீன் வாங்கவில்லை, மாலை விளக்கைக்கூட அரை நாழிகையில் அணைத்தாள். வயிற்றில் ஒன்று தங்கினால் காசு கரையும் என்று மருந்தும் குடித்தாள். இதை அவளே நம்மிடம் சொன்னாள்; நாம் கேட்டுப் பெற்றதல்ல.

சென்ற திங்கள் ஏழாண்டு நிறைந்தது. பாத்தி விற்பவன் பத்து நாள் தவணை கொடுத்திருந்தான். பிள்ளை பெயரில் உள்ள காசைப் பிள்ளையின் கையில்தான் கொடுப்போம். பிள்ளை இறந்தால் மட்டுமே பெற்றோர்க்குச் சேரும். எனவே கணவனும் மனைவியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நண்பகலில் பண்டாரத்துக்கு வந்து, மகள் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள்.

அடுத்து நடந்ததைப் பண்டாரக் கணக்கர் கேட்டது கேட்டபடி எழுதி அனுப்பினார். அதை மாற்றாமல் தருகிறோம்.

கணக்கர் தலை தூக்கிப் பார்த்து, "என்னம்மா விளையாடுறியா? உன் மக காலையிலேயே வந்துட்டா. உள்ளே நூல் அறையில உக்காந்திருக்கா," என்றார்.

தாழன் சிரித்தான். "ஐயா ஆள் மாத்திப் பாக்குறீரு. காலையிலேயே கள்ளுக்கடை பக்கம் போனீரோ?"

உள்ளிருந்து ஒரு சிறுமி வந்தாள். கணக்கர் ஏழாம் நூலை எடுத்து அளந்தார். உச்சி முதல் குதிகால் வரை ஒரு மயிரிழை பிசகவில்லை. முழங்காலுக்கு மேல் முடிச்சுப் போலத் தடித்த தழும்பு. ஐந்தாம் ஆண்டு ஏன் வளரவில்லை என்று கணக்கர் கேட்டதற்கு, "அந்த வருசம் அம்மா என்னை மறந்துட்டா," என்றாளாம்.

பிறகு சிறுநங்கையை அண்ணாந்து பார்த்தாள். "நான் செத்துட்டேன்னா சொன்னே?"

தாழன் தரையில் விழுந்தான். "இது எங்க பிள்ளையே இல்ல சாமி! பொய் சொல்லித்தான் காசு சேத்தோம். காசையும் எடுத்துக்குங்க, என்னையும் கட்டிப் போடுங்க. இதை மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க!"

"ஏழு வருசமா என் பேர்ல சேத்தீங்க," என்றாள் சிறுமி. "ஒரு வேளை சோறு போடலியே."

பாத்தி போனது சிறுநங்கைக்குப் புரிந்தது. மகள் என்றால் காசு சிறுமிக்கு, இல்லையென்றால் அரசுக்கு. எப்படியும் தனக்கு இல்லை. அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள். கையில் சூடு இல்லை, கனமும் இல்லை; முறுக்கிய பஞ்சைப் பிடித்ததுபோல் இருந்தது என்கிறாள். "வா, மீன் வாங்கிட்டுப் போவோம்," என்றாள். தாழன் பத்தடி பின்னால் நடந்தான்.

வழக்கு நம்மிடம் வந்தது. அந்தச் சிறுமி உயிருள்ளவளா என்பது நமக்குத் தெரியாது. பண்டாரச் சட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. நூல் பொருந்தியது, காசு அவளுடையது. அவள் சோற்றுக்கும் துணிக்கும் அதிலிருந்து மாதந்தோறும் கொடுத்துவரவும். நாள்தோறும் மூன்று ஆள் சோறு உண்கிறாள் என்றும், கதவுநிலைக் கோட்டைத் தாண்டி வளரத் தொடங்கியிருக்கிறாள் என்றும் சிறுநங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள். புகார் தொனியில் அல்ல.

இனி ஆணை. உமது நூல் அறையில் எவரும் பார்த்திராத பிள்ளைகளின் பெயர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. நேற்று நண்பகலில், வடக்கு உப்புச்சாலையில் சிறுவர் கூட்டம் ஒன்று வரிசையாக உமது பட்டினம் நோக்கி வருவதாகவும், புழுதி எழவில்லை என்றும் காவலர் செய்தி அனுப்பினர். வாயிலை அடைக்க வேண்டா. அடைத்துப் பயனில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்க்கும் அரிசி உலையில் ஏற்றி, அவரவர் வீட்டாரை வாயிலுக்கு அழைத்து நிறுத்தவும்.

அந்த நூல்களை நாமே எண்ணினோம், சேந்தனாரே. அவற்றில் இரண்டு, தாய் என்று உமது மனைவியார் பெயர் எழுதி வந்தவை; முடிச்சு உமது கைமுடிச்சு. மெழுகு காயுமுன் இவ்வோலை விடுத்தோம். மீன் முத்திரை சாட்சி. உமது வீட்டிலும் இரண்டு இலை போடச் சொல்லும்.