ஆற்றுக்குப் போகாத மீன்கள்

சவுசவுத் துறைமுகம், 1957

அன்பு மனைவி ஹவ்வாவுக்கு ஷம்சு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் நலம். மகள் ஸைராவின் இருமல் நின்றதா?

நேற்று இங்கே பெரிய கூத்து! புயல் வெள்ளத்தில் சேறு மூடிச் செத்துக் கிடந்த ஆற்றில் இப்போதுதான் மீன்குஞ்சுகள் துள்ளுகின்றன. கொப்பரைக் களத்தில் என்னோடு வேலை செய்யும் சிட்னி, ஒரு டின் நிறைய உயிருள்ள திலாப்பியா மீன்களோடு கரைக்கு வந்துவிட்டான்.

"ஆத்துல மீன் பெருகட்டும், பாய்!"

"பெருகும்டா, இது மட்டும்தான் பெருகும்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நம் ஊர் லோவு குட்டையில் இதை விட்ட பிறகு வேறு மீனே இல்லாமல் போனதை நீயும் பார்த்தாயே. அவன் டின்னைச் சாய்க்கப் போக, நான் அதைக் கட்டிப்பிடித்துக் கரைச் சேற்றில் விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே. ஒரு மீன்கூட ஆற்றுக்குள் போகவில்லை!

சிட்னி முறைத்தான். குட்டையின் கதையைக் கேட்டதும் அவனே அடுப்பு மூட்டினான். அத்தனையையும் பொரித்துத் தின்றோம். உன் கைமசாலா இல்லாமல் சப்பென்றிருந்தது. கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பு. ஸைராவையும் இரண்டு வரி எழுதச் சொல்.

இன்று ஆற்றில் இறங்கி நின்றேன். குஞ்சுகள் கூட்டமாக வந்து காலை மொய்த்தன. கூச்சம் தாங்காமல் தனியே நின்று சிரித்தேன், ஹவ்வா. தபால் கப்பல் ஊதிவிட்டது, இத்தோடு முடிக்கிறேன்.

உன்
ஷம்சு